பொய் சொல்லும் காகிதங்கள்: யூதர்களின் ரகசியக் கடல்வழிக் குடியேற்றத்தைப் பதிவு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1947 மார்ச் 12. பாலஸ்தீனத்தின் தெற்கே நிட்சானிம் கடற்கரை. இத்தாலியிலிருந்து எண்ணூற்றுச் சொச்சம் யூத அகதிகளோடு வந்த ‘ஷப்தாய் லுஜின்ஸ்கி’ என்ற கப்பல் தரைதட்டி நிற்கிறது. சேதி கேட்டதும் சுற்று வட்டாரத்து யூதர்கள் கூட்டம் கூட்டமாக ஓடி வந்து, ஈரத் துணியோடு கரையேறியவர்களுக்குள் கலந்துவிடுகிறார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் வந்து சுற்றி வளைக்கும்போது யார் கையிலும் அடையாள அட்டை இல்லை. வந்தவர் யார், உள்ளூர்க்காரர் யார் என்று பிரிக்கவே முடியவில்லை. கடைசியில் பிடிபட்ட அகதிகளோடு உள்ளூர்க்காரர்கள் பலரையும் சேர்த்து சைப்ரஸ் முகாமுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

அன்று எழுதப்பட்ட ஒரு பெயர்ப்பட்டியல் இன்று நம் கைக்குக் கிடைத்தால் என்ன செய்வோம்? அரசு முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது, அப்படியே தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிவிடுவோம். இந்த வரலாற்றைச் சேர்த்து வைக்கிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் அதுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1934-இல் ‘வெலோஸ்’ என்ற கப்பலில் தொடங்கி 1948-இல் இஸ்ரேல் உருவாகும்வரை, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்துக்கு அனுமதியில்லாமல் யூதர்கள் கடல் வழியே வந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பயணங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். 1939 மே மாதம் பிரிட்டன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஐந்து ஆண்டுகளுக்கு 75,000 பேருக்கு மட்டுமே அனுமதி என்றது. ஐரோப்பாவில் நாஜிகளின் பிடி இறுகிக்கொண்டிருந்த நேரம் அது. போர் முடிந்த பிறகும் கதவு திறக்கவில்லை. 1946 ஆகஸ்டிலிருந்து, பிடிபட்டவர்களை சைப்ரஸில் முள்வேலிக்குள் அடைத்தார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். ஏறக்குறைய 2,000 குழந்தைகள் அந்த முகாம்களில் பிறந்தன.

காகிதத்தை அப்படியே நம்புவது

ரகசியப் பயணத்தின் காகிதங்கள் பொய் சொல்வதற்காகவே தயாரிக்கப்பட்டவை. 1947 ஜூலையில் பிரான்சின் செத் துறைமுகத்திலிருந்து ‘எக்ஸோடஸ்’ புறப்பட்டபோது, அதில் ஏறியவர்களிடம் கொலம்பியா நாட்டு விசா இருந்தது. எல்லாம் போலி. அந்தத் துறைமுகத்துக் காகிதத்தை மட்டும் பார்த்தால் நாலாயிரத்துச் சொச்சம் பேரும் தென் அமெரிக்காவுக்குப் போனார்கள் என்றுதான் எழுத வேண்டியிருக்கும். வேறு கப்பல்களில் வந்தவர்கள் கரை நெருங்கும்போது தங்கள் சான்றிதழ்களைக் கிழித்துக் கடலில் போட்டார்கள். எந்த நாட்டுக்காரர் என்று தெரிந்தால்தானே அந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள்! விசாரணையில் வாய்க்கு வந்த பெயரைச் சொன்னவர்களும் உண்டு.

அதனால் பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்தால், அது யார் யாரிடம் சொன்ன பெயர், எந்த நேரத்தில் சொன்னது என்பதையும் சேர்த்தே எழுதி வையுங்கள். ஒரே மனிதருக்குப் பிறந்தபோது வைத்த போலிஷ் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிட்ட இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி) பெயர் ஒன்று, போலி விசாவில் ஒன்று, பிற்பாடு வைத்துக்கொண்ட ஹீப்ரு பெயர் ஒன்று என நான்கு இருக்கலாம். ‘சரியான’ ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழிப்பது பெரிய குற்றம் என்பேன். பேத்தி ஒருத்தி நாளைக்குத் தேடும்போது எந்தப் பெயரை வைத்துத் தேடுவாள் என்று நமக்கு எப்படித் தெரியும்? பிறந்த ஊருக்கும் இது பொருந்தும். லெம்பெர்க், ல்வூவ், ல்வீவ் மூன்றும் ஒரே ஊர்தான். சொன்னவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுதி, பக்கத்தில் இன்றைய பெயரைக் குறிக்க வேண்டும்.

அரசாங்கம் மறைத்த காகிதமும் உண்டு. 1947, 48-இல் இத்தாலியத் துறைமுகங்களில் நின்ற அகதிக் கப்பல்களுக்கு பிரிட்டிஷ் உளவுத் துறையான எம்ஐ6 ரகசியமாக வெடிகுண்டு வைத்தது, ஆளில்லாத நேரம் பார்த்து. அந்த அமைப்பின் அதிகாரப்பூர்வ வரலாறு 2010-இல் வெளிவந்தபோதுதான் உலகத்துக்கு இது தெரிந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கோப்பு மூடிக் கிடந்திருக்கிறது. ‘ஆதாரம் இல்லை, ஆகவே நடக்கவில்லை’ என்று இந்த வரலாற்றில் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

கப்பலின் பெயரில் ஏமாறுவது

ஒவ்வொரு கப்பலுக்கும் குறைந்தது இரண்டு பெயர். அமெரிக்காவின் செசபீக் வளைகுடாவில் ஓடிய ‘பிரெசிடென்ட் வார்ஃபீல்ட்’ என்ற பயணிகள் கப்பல்தான் எக்ஸோடஸ் ஆனது. ‘ஃபேதே’ என்ற இத்தாலியக் கப்பல் ‘தோவ் ஹோஸ்’ ஆனது. ‘பான் யார்க்’, ‘பான் கிரசென்ட்’ என்ற இரண்டு பெரிய கப்பல்கள் ‘கிப்புட்ஸ் கலுயோத்’, ‘அட்ஸ்மாவுத்’ ஆயின. துறைமுகப் பதிவில் பழைய பெயரும் நினைவுக் குறிப்பில் புதிய பெயரும் இருக்கும். இது தெரியாமல் ஒரே கப்பலை இரண்டாக எண்ணியவர்கள் உண்டு. நேரெதிரான சங்கடமும் வரும்: பயணம் செய்தவருக்கே கப்பலின் பெயர் தெரிந்திருக்காது. ராத்திரியில் லாரி, அப்புறம் ஒரு கரை, ஒரு கயிற்றேணி, அலமாரித் தட்டு மாதிரி அடுக்கிய பலகைகள், வாந்தி நாற்றம். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பேட்டி எடுக்கப் போகிறவர்கள் “எந்தக் கப்பல்?” என்று தொடங்கினால் அவர் தெரியாது என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவார். எந்த ஊரில் லாரி ஏறினீர்கள், குளிர்காலமா, கையில் என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெயரை நாம் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

சொல்லை யோசிக்காமல் எடுப்பது

பிரிட்டிஷ் கோப்புகளில் இவர்கள் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’. ஹீப்ருவில் இந்த இயக்கத்தின் பெயர் ஹஅபாலா, வந்தவர்கள் மஅபிலிம். மோசே தடுத்தும் கேட்காமல் மலையேறத் துணிந்தவர்களைப் பற்றி பைபிளின் எண்ணாகமத்தில் வரும் வினைச்சொல்லிலிருந்து எடுத்தது. ‘அலியா பெத்’ என்றும் சொல்வார்கள். அலியா என்றால் யூதர்களின் குடியேற்றம், பெத் என்பது ஹீப்ருவின் இரண்டாம் எழுத்து; அனுமதியோடு வரும் வழிக்கு மாற்றான இரண்டாம் வழி என்று பொருள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு ‘கள்ளத்தோணி’ என்ற சொல் சட்டென்று கைக்கு வரும். இலங்கையில் மலையகத் தமிழர்கள்மேல் அந்தச் சொல் எப்படி வீசப்பட்டது என்பதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். ‘ரகசியக் குடியேற்றம்’ என்பது போதும். பிரிட்டிஷ் ஆவணத்தை மொழிபெயர்க்கும்போது மட்டும் அவர்கள் எழுதிய சொல்லை மாற்றாமல் வைக்க வேண்டும். அவர்கள் இவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

சினிமாவையும் சரித்திரத்தையும் குழப்புவது

1960-இல் வந்த ‘எக்ஸோடஸ்’ படத்தில் கப்பல் சைப்ரஸிலிருந்து கிளம்புகிறது, உண்ணாவிரதம் நடக்கிறது, பிரிட்டன் பணிந்து வழிவிடுகிறது. உண்மையில் நடந்தது வேறு. 1947 ஜூலை 18 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் எக்ஸோடஸை மோதிப் பிடித்தன. மூன்று பேர் இறந்தார்கள். பயணிகளை மூன்று கப்பல்களில் ஏற்றி பிரான்சுக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். அங்கே பெரும்பாலோர் இறங்க மறுக்கவே, ஹாம்பர்க் துறைமுகத்துக்கு, ஜெர்மன் மண்ணுக்கே, கொண்டுபோய் இறக்கினார்கள். படத்தில் வந்த அந்த உண்ணாவிரதம் 1946 ஏப்ரலில் இத்தாலியின் லா ஸ்பெட்சியாவில், தோவ் ஹோஸ் உள்ளிட்ட இரண்டு கப்பல்களில் பிறகு பயணம் செய்த ஆயிரம் பேர் நடத்தியது. இன்று பேசும் பிள்ளைகள் தலைமுறையின் நினைவில் அப்பா சொன்னதும் படத்தில் பார்த்ததும் கலந்தே இருக்கும். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். எது எங்கிருந்து வந்தது என்று மெதுவாகக் கேட்டுப் பிரித்து எழுதுங்கள்.

‘செயின்ட் லூயிஸ்’ கப்பலையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது 1939-இல் ஹாம்பர்கிலிருந்து கியூபாவுக்கு வெளிப்படையாகக் கிளம்பிய பயணிகள் கப்பல். அந்தத் துயரம் வேறு.

உறுத்துவதை விட்டுவிடுவது

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். 1940 நவம்பர் 25 அன்று ஹைஃபா துறைமுகத்தில் ‘பாட்ரியா’ கப்பல் வெடித்து மூழ்கியது. மொரீஷியஸுக்கு நாடுகடத்துவதற்காக அகதிகளை பிரிட்டன் அதில் ஏற்றி வைத்திருந்தது. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாடுகடத்தலுக்குப் போவதைவிடச் சாவோம் என்று பயணிகளே கப்பலைத் தகர்த்துவிட்டார்கள் என்றொரு பேச்சு நெடுநாள் இருந்தது. உண்மையில் குண்டு வைத்தது யூதர்களின் சொந்த ஆயுத அமைப்பான ஹகானா. கப்பல் கிளம்ப முடியாதபடி சேதப்படுத்துவதுதான் நோக்கம். ஆனால் துருப்பிடித்த அடிப்பகுதி தாங்கவில்லை, சில நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்துவிட்டது. குண்டைக் கொண்டுபோனவரே 1957-இல் அதை எழுதினார். பதினேழு ஆண்டுகள்! செத்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த உண்மை எவ்வளவு தேவையாக இருந்திருக்கும்!

அதேபோல, இயக்கத்தை நடத்தியது மொசாத் லெஅலியா பெத் என்ற ஒரே அமைப்புதான் என்று எழுதுவதும் பிழை. அதற்கு எதிர் அணியில் இருந்த திருத்தவாத சியோனிஸ்டுகள் (யூத தேசிய இயக்கத்தின் ஒரு பிரிவினர்) கப்பல் விட்டார்கள், தனி ஆட்களும் விட்டார்கள். ஆட்சிக்கு வந்த தரப்பின் சரித்திரத்தில் இவர்களுக்கு ரொம்ப நாள் இடம் குறைவு. இந்தக் கப்பல்களில் வேலை செய்த கிரேக்க மாலுமிகளைப் பற்றி இன்றும் பக்கங்கள் குறைவாகத்தான் இருக்கின்றன.

கரையில் ஏற்கெனவே வாழ்ந்த பாலஸ்தீன அரபுகள் இந்த வருகையை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் இதே வரலாற்றின் பக்கம். 1936 முதல் 1939 வரை நடந்த அரபு எழுச்சியைச் சொல்லாமல் 1939 வெள்ளை அறிக்கை ஏன் வந்தது என்று விளக்க முடியாது. 1948-இல் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்ததைச் சொல்லாமல் அந்த ஆண்டோடு கதையை முடிக்கவும் முடியாது. அகதிகளின் துயரத்தை இது சிறிதாக்காது.

மாதிரியை அசல் என்று காட்டுவது

ஹைஃபாவில் ஓர் அருங்காட்சியகத்தின் உச்சியில் ‘அஃப் அல் பி கேன்’ கப்பல் நிற்கிறது. ‘இருந்தாலும்கூட’ என்ற பொருள்படும் பெயர். போர் டாங்கிகளைக் கரையிறக்கக் கட்டிய அந்தக் கலம் 1947 செப்டம்பரில் நானூறுக்கும் மேற்பட்டவர்களோடு வந்து பிடிபட்டது. அது அசல். அதற்குத் தெற்கே, பிரிட்டிஷார் அகதிகளை அடைத்து வைத்த அட்லித் முகாமில் பார்வையாளர்கள் ஏறிப் பார்க்கும் கப்பல், அகதிகளை ஏற்றி வந்தது அல்ல. அந்த மாதிரியான ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மாதிரி வைப்பதில் தப்பே இல்லை. படம் எடுத்துப் போடுகிறவர்கள் அதை ‘வந்த கப்பல்’ என்று எழுதுவதுதான் தப்பு.

அட்லித்தில் என் கண்ணுக்கு முக்கியமானது கிருமிநீக்கக் கொட்டகை. வந்து இறங்கியவர்களை ஆண் தனி, பெண் தனி என்று பிரித்து, உடையைக் கழற்றச் சொல்லி, டிடிடி தூவி, ஷவரின் கீழ் நிறுத்தினார்கள். நாஜி முகாம்களில் குளிக்கும் இடம் என்று சொல்லித்தான் ஆட்களை விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள்; அங்கிருந்து தப்பி வந்தவர்களுக்கு ஷவர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சுத்தம் செய்யும் இடம் என்று மட்டும் பலகை எழுதி வைத்தால் அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியும் பிரயோஜனம் இல்லை.

இத்தாலியின் தெற்கே சாந்தா மரியா அல் பாஞ்ஞோ என்ற கடலோர ஊரில், கப்பலுக்குக் காத்திருந்த ருமேனிய அகதி ஒருவர் ஒரு கட்டடத்தின் சுவரில் படங்கள் வரைந்தார். அவற்றில் ஒன்றில், துறைமுக வாசலை பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவன் மறித்து நிற்கிறான். பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்து, பெயர்த்து எடுக்கப்பட்டு, இப்போது அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரலாறு இஸ்ரேலிலும் லண்டன் கோப்புகளிலும் மட்டும் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இப்படிப்பட்ட சுவர்களைத் தவற விடுவார்கள். பிரிட்டன் நாடுகடத்திய அகதிகள் 1,580 பேர் மொரீஷியஸின் போ பாசென் சிறையில் 1945 வரை அடைபட்டுக் கிடந்தார்கள். அங்கேயே இறந்த 120-க்கும் மேற்பட்டவர்களின் கல்லறைகள் செயின்ட் மார்ட்டின் மயானத்தில் இருக்கின்றன.

ஸ்கேன் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: புகைப்படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஊர், தேதி, ஸ்டூடியோ முத்திரை, யாரோ பென்சிலில் கிறுக்கிய ஒரு பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஓரத்தை வெட்டாதீர்கள்.

1948-இல் முற்றுப்புள்ளி வைப்பது

மொராக்கோவிலிருந்து ரகசியமாக ஜிப்ரால்டருக்குப் போய், அங்கிருந்து இஸ்ரேல் செல்ல யூதர்களை ஏற்றிய ‘எகோஸ்’ என்ற சிறு கப்பல் 1961 ஜனவரியில் மூழ்கியது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள், குடும்பம் குடும்பமாக, இறந்தார்கள். கரையொதுங்கி அங்கேயே புதைக்கப்பட்ட உடல்கள் எருசலேமுக்கு வர 1992 ஆனது. ஐரோப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணுவது

வருகைப் பட்டியலை வைத்து எழுதினால், வராதவர்கள் விட்டுப்போவார்கள். தன்யூப் நதியில் பனியிலும் அனுமதியிலும் சிக்கி யுகோஸ்லாவியாவின் கிளாதோவோ கரையில் நின்றுபோன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றார்கள். அவர்கள் கடலையே பார்க்கவில்லை. எந்தக் கப்பல் பட்டியலிலும் வர மாட்டார்கள்.

‘ஸ்த்ரூமா’ 1941 டிசம்பரில் ருமேனியாவின் கான்ஸ்தான்ட்சாவிலிருந்து கிளம்பியது. இஸ்தான்புல்லில் பத்து வாரம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு வேலை செய்யாத எஞ்சினோடு கருங்கடலுக்குள் இழுத்துக்கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். மறுநாள், 1942 பிப்ரவரி 24 அன்று, சோவியத் நீர்மூழ்கி ஒன்று அதைத் தகர்த்தது. இறந்தவர்கள் எத்தனை பேர்? பல காலம் 769 என்று எழுதினார்கள். பின்னால் பெயர் பெயராகச் சேர்த்துப் பார்த்தவர்களின் கணக்கு 780-ஐத் தாண்டுகிறது. இரண்டு எண்ணையும், யார் எப்படி எண்ணினார்கள் என்பதையும் எழுதுங்கள். வித்தியாசமாக வருகிற அந்தப் பத்துப் பதினைந்து பேரும் மனிதர்கள்.

தப்பியவர் ஒரே ஒருவர், தாவீத் ஸ்தோலியர். உடைந்த பலகைமேல் ஒரு நாள் மிதந்து பிழைத்தார், 91 வயது வரை வாழ்ந்தார். 2014 மே மாதம் அமெரிக்காவின் ஆரெகனில் இறந்தார். நியூயார்க் டைம்ஸில் அவருடைய இரங்கல் குறிப்பு வந்தது 2016 ஜனவரியில்.