பெருக்கல் விருத்தி: இரண்டு உறுப்புத் தந்தால் மற்றதெல்லாம் எடுப்பது எப்படி?

போன கிழமை கல்லடியில் அக்காவின் மகளோடு இருந்து சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள்கள் செய்தேன். அந்த வயதில் எனக்குப் புள்ளி போன அதே இடத்தில் அவளும் இடறினாள். அதற்காகவே இதை எழுதுகிறேன். கூட்டல் விருத்தி உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டு போவோம்; பெருக்கல் விருத்தியில் ஒரே எண்ணால் பெருக்கிக்கொண்டு போவோம். அந்த எண்தான் பொது விகிதம்.

வினா இப்படி வரும்: மூன்றாம் உறுப்பு 12, ஆறாம் உறுப்பு 96. முதலாம் உறுப்பும் பொது விகிதமும் என்ன?

பின்னால் உள்ள உறுப்பை முன்னால் உள்ளதால் வகுங்கள். 96 ÷ 12 = 8. மூன்றிலிருந்து ஆறுக்குப் போக மூன்று தடவை விகிதத்தால் பெருக்குகிறோம். ஆகவே விகிதத்தின் கனம் 8, விகிதம் 2. அப்புறம் 12 ஐ 2 ஆல் இரண்டு தடவை வகுத்தால் முதலாம் உறுப்பு 3. பிரதியிட்டும் செய்யலாம், ஆனால் வகுப்பதில் பிழை குறைவு.

சரி, இடறும் இடத்துக்கு வருவோம். இரண்டாம் உறுப்பு 6, நான்காம் உறுப்பு 54. வகுத்தால் 9. இங்கே பெருக்குவது இரண்டு தடவை, எனவே விகிதத்தின் வர்க்கம் 9. கை தானாக 3 என்று எழுதி நின்றுவிடும். −3 உம் விடைதான்! எழுதிப் பாருங்கள்:

2, 6, 18, 54
−2, 6, −18, 54

இரண்டிலும் 6 உம் 54 உம் அதே இடத்தில் இருக்கின்றன. ஒற்றை வலு வந்தால் (அதாவது பெருக்கும் தடவைகள் ஒற்றை எண் என்றால்) ஒரு விகிதம், இரட்டை வலு வந்தால் இரண்டு. "எல்லா உறுப்புகளும் நேர் எண்கள்" என்று வினாவில் இருந்தால் மட்டும் −3 ஐ விடலாம். அந்த வசனத்தைக் கண்டவுடன் பென்சிலால் கீழே கோடு போடுங்கள்.

பயிற்சிக்குக் கடந்தகால வினாத்தாளும் ஒரு கொப்பியும் போதும். ஃபோன் கணிப்பான் வேண்டாம். 2 இன் வலுக்களை 1024 வரையும் 3 இன் வலுக்களை 729 வரையும் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள்.

பிறகு சேர்த்தது: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கை, முதல் விருத்தியில் 384 எத்தனையாம் உறுப்பு என்று கேட்டு, தனக்கு 7 வருவதாக எழுதியிருந்தார். 384 ÷ 3 = 128, அது 2⁷. இதுவரை சரி. ஆனால் 7 என்பது பெருக்கிய தடவைகள். முதலாம் உறுப்பு பெருக்காமலே இருக்கிறது, அதையும் எண்ண வேண்டும். விடை 8. நம்பிக்கை வராவிட்டால் 3, 6, 12, 24, 48, 96, 192, 384 என்று விரல் விட்டு எண்ணுங்கள்.