குரோமில் சரி, சஃபாரியில் கோணல்: ஒரே பக்கத்தை எல்லா பிரவுசரிலும் ஓட வைப்பது எப்படி?

குரோமில் திறந்தால் பக்கம் அம்சமாக இருக்கிறது. அதையே ஐபோனில் திறந்தால் கீழே இருக்க வேண்டிய பட்டன் திரைக்கு வெளியே போய் ஒளிந்துகொள்கிறது. நிரல் ஒன்றுதான், அதைப் படித்துத் திரையில் வரையும் எஞ்சின்தான் வேறு. குரோம், எட்ஜ், ஓபரா மூன்றிலும் ஓடுவது பிளிங்க். சஃபாரியில் வெப்கிட், ஃபயர்பாக்ஸில் கெக்கோ. எனவே குரோமிலும் எட்ஜிலும் பார்த்துவிட்டு "இரண்டு பிரவுசரில் டெஸ்ட் செய்துவிட்டேன்" என்றால் அது ஒன்றுதான்.

படி 1: கோப்பின் தலைப்பகுதி

எச்டிஎம்எல் கோப்பின் முதல் வரியில் டாக்டைப் (<!DOCTYPE html> என்ற அறிவிப்பு) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரவுசர் 'குவர்க்ஸ் மோட்' என்ற பழைய பழக்கத்துக்குப் போய்விடும். 1990களில் எழுதிய பக்கங்கள் உடையாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. உங்கள் பக்கத்துக்கு வேண்டாம். கூடவே, பக்கத்தை போன் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக்கையும் சேர்த்துவிடுங்கள்.

படி 2: புரியாததை பிரவுசர் என்ன செய்கிறது?

இந்தப் படி விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எச்டிஎம்எல்லில் தெரியாத டேக் வந்தால், உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் காட்டிவிட்டு பிரவுசர் நகர்ந்துவிடும். சிஎஸ்எஸ்ஸில் தெரியாத ஒரு வரி வந்தால் அந்த வரியை மட்டும் தாண்டிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் இப்படி விட்டுக்கொடுக்காது: புரியாத சின்டாக்ஸ் ஓரிடத்தில் இருந்தாலும் அந்தக் கோப்பு முழுவதும் ஓடாது.

சிஎஸ்எஸ்ஸின் அந்தத் தாராளத்தை நமக்குச் சாதகமாக்கலாம். விஎச் என்பது திரை உயரத்தில் நூறில் ஒரு பங்கு. மொபைலில் 100 விஎச் உயரம் கொடுத்தால், முகவரிப் பட்டை மறைக்கும் இடமும் அதில் சேர்ந்துவிடுகிறது. பட்டன் ஒளிந்தது அதனால்தான். இதற்கென்றே வந்தது, கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் கணக்கில் எடுக்கும் டிவிஎச் அலகு. சஃபாரியில் 2022இல், 15.4 பதிப்பில் வந்தது. முதல் வரியில் 100 விஎச், அடுத்த வரியில் 100 டிவிஎச் என்று எழுதுங்கள். பழைய பிரவுசர் இரண்டாவதைத் தாண்டி முதலாவதோடு நின்றுகொள்ளும். புதியது கடைசி வரியை எடுத்துக்கொள்ளும். வரிசையை மாற்றினால் புதியதும் பழைய மதிப்பையே எடுக்கும்.

ஒரு பொறி: கமா போட்டுப் பல செலக்டர்களை (எந்த உறுப்புக்கு இந்த அலங்காரம் என்று சொல்லும் பகுதி) ஒன்றாக எழுதும்போது, அதில் ஒன்று புரியாவிட்டாலும் அந்த ரூல் மொத்தமும் போய்விடும். புதிய செலக்டரைத் தனி ரூலாக வையுங்கள்.

படி 3: பெயரைக் கேட்காதீர்கள், திறனைக் கேளுங்கள்

"சஃபாரி என்றால் இப்படிச் செய்" என்று யூசர் ஏஜென்டை (பிரவுசர் தன் பெயரைச் சொல்லி அனுப்பும் வரி) பார்த்து எழுதாதீர்கள். குரோம் தன்னை அறிமுகப்படுத்தும் வரியிலேயே மொசில்லா, சஃபாரி இரண்டு பெயரும் இருக்கின்றன! அதற்குப் பதில் சிஎஸ்எஸ்ஸின் சப்போர்ட்ஸ் ரூலில் "இந்த வசதி உனக்குத் தெரியுமா?" என்று கேட்கலாம்.

அதுவும் சில நேரம் ஏமாற்றும். கிரிட், ஃபிளெக்ஸ்பாக்ஸ் இரண்டும் உறுப்புகளை அடுக்கும் முறைகள்; கேப் என்பது அவற்றுக்கு நடுவே இடைவெளி விடும் வசதி. கிரிட்டில் கேப் வந்து நெடுநாள் கழித்துத்தான் சஃபாரியின் ஃபிளெக்ஸ்பாக்ஸுக்கு அது வந்தது, 2021இல், 14.1 பதிப்பில். அதற்கு முந்தைய சஃபாரியிடம் கேப் தெரியுமா என்று கேட்டால், கிரிட்டை மனதில் வைத்து "தெரியும்" என்றுவிடும். ஃபிளெக்ஸில் இடைவெளி வராது. அத்தனை பழைய பதிப்புக்கும் வேலை செய்ய வேண்டுமென்றால், ஒவ்வொரு உறுப்புக்கும் வெளியே இடம் விடும் மார்ஜின்தான் கதி.

படி 4: ஜாவாஸ்கிரிப்ட்

இல்லாத ஃபங்ஷனை பாலிஃபில் (அதே வேலையைச் செய்யும் மாற்று நிரல்) கொண்டு நிரப்பலாம். புரியாத சின்டாக்ஸுக்கு அது உதவாது. பேபல் போன்ற கருவியால் பழைய வடிவுக்கு மாற்ற வேண்டும். தேதியை எழுதும்போது நாளுக்கும் மணிக்கும் நடுவே வெற்றிடம் விடாமல், ஐஎஸ்ஓ முறைப்படி 'டி' எழுத்தைப் போடுங்கள். வெற்றிடம் விட்டதை குரோம் ஏற்கும், பழைய சஃபாரி செல்லாத தேதி என்று தள்ளிவிடும்.

படி 5: பார்த்து, பிறகு சோதித்து

புதிய வசதியைத் தொடுமுன் எம்டிஎன் (இணைய நுட்பங்களுக்கான விளக்கத் தளம்) பக்கத்தில் 'பேஸ்லைன்' குறியைப் பாருங்கள். முக்கிய பிரவுசர்கள் அனைத்திலும் வந்து 30 மாதங்கள் ஆனவற்றுக்கு 'பரவலாகக் கிடைக்கிறது' என்ற நிலை கிடைக்கும். நான் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்வேன்.

குரோமின் டெவ்டூல்ஸில் (உள்ளேயே இருக்கும் டெவலப்பர் கருவிகள்) ஐபோனைத் தேர்ந்தெடுப்பது சோதனையாகாது. திரையளவு போன்றவைதான் மாறும், எஞ்சின் பிளிங்க்தான். ஐபோன் கையில் இல்லையென்றால், பிரவுசர்களைத் தானாக ஓட்டிச் சோதிக்கும் பிளேரைட் கருவியோடு வரும் வெப்கிட்டை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட்டலாம். கீபோர்டு மேலே எழும்போது அந்த பட்டன் எங்கே போகிறது என்பது மட்டும் நிஜ போனில்தான் தெரியும். யாரிடமாவது ஐந்து நிமிடம் கடன் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.