ஷட்டில் ஆடும் பிள்ளையின் தோள்: மேட்ச்சுக்கு முன்னும் பின்னும் அளப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஆடிக் காற்றில் வெளியே ஷட்டில் ஆட முடியாது. பிள்ளைகள் உள்ளரங்கத்துக்குப் போகிறார்கள். சனி ஞாயிறு வந்தால் பாலக்காட்டிலோ கோவையிலோ டோர்னமென்ட். சிங்கிள்ஸ், டபுள்ஸ், போதாததற்கு மேல் வயதுப் பிரிவு என்று ஒரே நாளில் நாலைந்து மேட்ச். "தோள் வலிக்குதா?" என்று கேட்டால், ஆட விடமாட்டார்களோ என்று "இல்லப்பா" என்றுதான் பதில் வரும். அதனால் கேட்பதோடு அளந்தும் பாருங்கள்.

ஸ்மாஷில் மேல்கை உள்பக்கமாக வேகமாகச் சுழல்கிறது. அடித்த பிறகு அந்தக் கையைப் பிரேக் போட்டு நிறுத்துபவை தோளின் பின்பக்கத் தசைகள். அவை களைத்து இறுகும்போது கை உள்ளே சுழலும் அளவு குறையும், வெளியே தள்ளும் பலமும் இறங்கும்.

முதலில் அசைவு. பிள்ளையைக் கட்டில் ஓரமாக மல்லாந்து படுக்க வையுங்கள். மேல்கை பக்கவாட்டில் தோள் மட்டத்தில், முழங்கை ஓரத்துக்குச் சற்று வெளியே, முன்கை கூரையைப் பார்த்து நேராக. இதுதான் 0. தரையில் வேண்டாம், நன்றாக ஆடும் பிள்ளைகளுக்குக் கை பின்னால் 90 டிகிரியையும் தாண்டும், தரை தடுத்துவிடும். தோளின் முன்பக்கத்தை உள்ளங்கையால் மெதுவாக அமர்த்திக்கொண்டு, முன்கையைக் கால் பக்கமாகச் சாயவிடுங்கள், இது உள்சுழற்சி. தோள் எழும்பத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கோணம் காட்டும் ஆப் உள்ள போனை முன்கை மேல் வைத்துக் கோணத்தைக் குறியுங்கள். அப்புறம் தலைப் பக்கம், இது வெளிச்சுழற்சி. மும்முறை அளந்து சராசரி எடுங்கள். இரண்டு கைக்கும் இதேதான்.

ஆடும் கையில் உள்சுழற்சி குறைந்து வெளிச்சுழற்சி கூடியிருந்தால் பதறாதீர்கள். சிறு வயதிலிருந்தே ஆடினால் எலும்பே அப்படி அமைந்துவிடும். இரண்டையும் கூட்டுங்கள், மொத்தம் இரு கையிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சரி. உள்சுழற்சி மற்ற கையைவிட 18 டிகிரிக்கு மேல் குறைந்து, மொத்தமும் குறைந்திருந்தால் பிசியோவிடம் காட்டுங்கள்.

பலத்துக்கு, பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு போதும். ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, வெளிப்பக்கம் ஒரு இழுப்பு, உள்பக்கம் ஒரு இழுப்பு. வெளி இழுப்பு, உள் இழுப்பில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும்.

வெள்ளி மாலை, கடைசி மேட்ச் முடிந்ததும், மறுநாள் காலை, அதற்கடுத்த நாள் என்று எழுதி வையுங்கள். மேட்ச் முடிந்ததும் எண் இறங்குவது சகஜம். இரண்டு நாளாகியும் ஏறவில்லையென்றால் அந்த வாரம் ஸ்மாஷ் பயிற்சியைக் குறைக்கச் சொல்லி கோச்சிடம் பேசுங்கள். கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து 30 விநாடி, மும்முறை பிடிக்கலாம். ரப்பர் பேண்ட் பயிற்சி சாதாரண நாட்களில்தான். டோர்னமென்ட் அன்று தசையைக் களைப்பாக்க வேண்டாம். அடுத்த முறை ஒரு பிரிவில் மட்டும் பெயர் கொடுங்கள் என்பேன்.

மேல்கையின் உச்சியில் தொட்டால் வலி, அடிக்கும்போதெல்லாம் வலி என்றால் அளக்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்கு அங்கே எலும்பு நீளும் குருத்துப் பகுதி இருக்கிறது. எலும்பு மருத்துவரிடம் காட்டும்வரை ராக்கெட் பையிலேயே இருக்கட்டும்.