தடைபட்ட பள்ளி ஆண்டில் விளையாட்டை நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில், 2020ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை. பத்தாம் வகுப்பில் இருந்த என் மகள் ஜூனியர் வார்சிட்டி, அதாவது பள்ளியின் முதல் அணிக்கு அடுத்த நிலை, கைப்பந்து அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். பள்ளி வாசலில் காரை நிறுத்தினேன். முழங்கால் உறை, ஷூ எல்லாம் போட்டு, முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் கதவைத் திறக்கப் போகும் நேரத்தில் போனில் செய்தி வந்தது: ‘இன்றைய ஆட்டம் ரத்து. விவரம் பின்னர்.’ கதவை மூடிவிட்டு, உறையைக்கூடக் கழற்றாமல் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த விவரம் கடைசிவரை வரவே இல்லை. கொரோனாத் தொற்றா, எதிரணி வரவில்லையா, நடுவர் கிடைக்கவில்லையா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆட்டம் நின்றதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அந்த ஆண்டு நின்றிருக்க வேண்டிய ஆட்டங்கள் நிறையவே இருந்தன. யார் நிறுத்தினார்கள், எதை வைத்து நிறுத்தினார்கள், மறுபடி எப்போது என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல ஆளில்லாமல் போனதுதான் உறுத்துகிறது. அதற்கப்புறம் அமெரிக்க மாநிலங்கள் அந்த ஆண்டை எப்படிச் சமாளித்தன என்று தேடித் தேடிப் படித்தேன். கொரோனா நெருக்கடி போய்விட்டது, சரி. ஆனால் காட்டுத்தீப் புகை, புயல், வெள்ளம், ஆசிரியர் வேலைநிறுத்தம் என்று எது வந்து பள்ளி ஆண்டைக் குலைத்தாலும் இதே தவறுகள் திரும்ப நடக்கும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஹைஸ்கூல் விளையாட்டை ஒரே அமைப்பு நடத்துவதில்லை. மாநிலத்துக்கு ஒரு பள்ளி விளையாட்டுச் சங்கம், வாஷிங்டன் டி.சி.யையும் சேர்த்து 51. இவற்றுக்குப் பொதுவாக இண்டியானாபொலிஸில் என்.எஃப்.எச்.எஸ். என்ற தேசியக் கூட்டமைப்பு இருக்கிறது. அது ஆட்ட விதிகளை எழுதும், வழிகாட்டும். மாநிலத்துக்கு உத்தரவு போட முடியாது. இன்னொரு பக்கம் ஆளுநர், சுகாதாரத் துறை, ஒரு பகுதியின் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டம், கடைசியில் பள்ளி முதல்வர். சாதாரண ஆண்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. குலைந்த ஆண்டில் ஒவ்வொருவரும் அடுத்தவர் முடிவெடுப்பார் என்று காத்திருப்பார்கள்.

தேதியை அறிவித்துவிட்டு அளவுகோலைச் சொல்லாமல் விடுவது

தவறுகளில் பெரியது இதுதான் என்பேன். மிச்சிகன் மாநிலச் சங்கம் 2020 ஆகஸ்டில் அமெரிக்கக் கால்பந்தை (இனி இங்கே கால்பந்து என்றால் இதுதான்) வசந்த காலத்துக்குத் தள்ளியது. செப்டம்பர் 3 அன்று, இல்லை, இலையுதிர் காலத்திலேயே ஆடலாம் என்று மாற்றியது. நவம்பரில் பிளேஆஃப் எனப்படும் வெளியேற்றுச் சுற்றுகளின் நடுவே மாநிலச் சுகாதாரத் துறையின் உத்தரவால் நின்றது. இறுதி ஆட்டங்கள் 2021 ஜனவரியில் டெட்ராய்ட்டின் ஃபோர்டு ஃபீல்டில் நடந்தன. மினசோட்டாவிலும் இதே போலத்தான்: கால்பந்தையும் கைப்பந்தையும் ஆகஸ்டில் வசந்தத்துக்குத் தள்ளி, செப்டம்பர் 21 அன்று திரும்ப இலையுதிர் காலத்துக்கே கொண்டுவந்தார்கள்.

முடிவை மாற்றியதில் தவறில்லை. நிலைமை மாறினால் முடிவும் மாறத்தான் வேண்டும். ஆனால் எந்த எண் எவ்வளவு இறங்கினால் திறப்போம், எவ்வளவு ஏறினால் மூடுவோம் என்று முன்கூட்டியே சொல்லாமல் தேதியை மட்டும் சொன்னால், ஒவ்வொரு மாற்றமும் யாரோ கத்தியதால் வந்தது போலத் தெரியும். அடுத்த முறை எல்லாரும் இன்னும் சத்தமாகக் கத்துவார்கள்.

கலிபோர்னியாவில் பிள்ளைகள் மாதக்கணக்காகக் காத்திருந்தார்கள். அந்தத் தாமதத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 2021 பிப்ரவரியில் மாநிலச் சுகாதாரத் துறை வெளியிட்ட விதியில் ஒரு எண் இருந்தது: ஒரு லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 14 புதிய தொற்று அல்லது அதற்குக் கீழே இருக்கும் கவுண்டிகளில் (மாநிலத்தின் உட்பிரிவுகள்), பிப்ரவரி 26 முதல், கால்பந்து போன்ற வெளிப்புற ஆட்டங்களை ஆடலாம். தன் கவுண்டி எங்கே நிற்கிறது என்பதை ஒரு மாணவன் தானே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். முடிவு பிடிக்கிறதோ இல்லையோ, கணக்கு அவன் கண்முன்னே இருக்கிறது.

சீசன் தொடங்கும் முன் ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? எந்த அளவை வைத்து? ஆட்டத்துக்கு எத்தனை மணி நேரம் முன்பு முடிவு சொல்லப்படும்? காரணத்தை யார், எந்த வழியில் சொல்வார்? உடல்நலம் பற்றிய அந்தரங்கம் இருப்பதால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்பது உண்மைதான். அதற்காக ஒன்றுமே சொல்லாமல் இருக்க வேண்டியதில்லை. ‘அணியில் ஒருவருக்குத் தொற்று, பத்து நாளுக்கு ஆட்டம் இல்லை’ என்று யார் பெயரையும் சொல்லாமல் சொல்லலாமே.

ஆட முடியாததைத் தோல்வி என்று எழுதுவது

ஒரு அணியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், ஆட்டத்துக்கு வர முடியவில்லை. புள்ளிப் பட்டியலில் என்ன எழுதுவது? தோல்வி என்று எழுதினால், அடுத்த வாரம் தொண்டை கரகரக்கும் பையன் வாயைத் திறக்க மாட்டான். சொன்னால் தன்னால்தான் அணியின் பிளேஆஃப் கனவு போயிற்று என்று ஆகிவிடும். பயிற்சியாளரும் அழுத்திக் கேட்க மாட்டார். யாரும் பொய் சொல்லப் பிறந்தவர்கள் இல்லை, விதிதான் அவர்களைப் பொய் சொல்ல வைக்கிறது.

அதனால் உடல்நலக் காரணத்துக்காக ரத்தாகும் ஆட்டத்தை ‘ஆட்டம் நடக்கவில்லை’ என்று மட்டும் பதிய வேண்டும். அப்படியானால் ஒரு அணி பத்து ஆட்டமும் இன்னொன்று ஆறு ஆட்டமும் ஆடியிருக்கும், தகுதியை எப்படிக் கணக்கிடுவது என்று கேள்வி வரும். ஓஹாயோ இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. 2020இல் கால்பந்தின் வழக்கமான சீசனை ஆறு ஆட்டங்களாகக் குறைத்து, விரும்பும் எல்லா அணிகளும் பிளேஆஃபில் நுழையலாம் என்று அறிவித்தது. முதல் சுற்றில் தோற்ற அணியும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. மொத்தம் பத்து ஆட்டம் வரை வேறு அணிகளோடு ஏற்பாடு செய்துகொள்ளலாம். காய்ச்சலை மறைத்தாவது ஆடி வெல்ல வேண்டும் என்ற நெருக்கடி இதனால் பெருமளவு குறைகிறது. பிள்ளைக்கும் ஒரு சீசன் கிடைத்துவிடுகிறது. அந்த ஆண்டு எடுக்கப்பட்ட முடிவுகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

பல பள்ளிகளை ஒரே கூரையின் கீழ் கூட்டுவது

2020 டிசம்பரில் ஃபுளோரிடாவில் நடந்த இரண்டு ஹைஸ்கூல் மல்யுத்தப் போட்டிகளைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. ஒரு அறிக்கை வெளியிட்டது. பத்துப் பள்ளிகள், வீரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள் என்று சுமார் 130 பேர். அவர்களில் 38 பேருக்குத் தொற்று உறுதியானது. அதுவும் பாதிக்கும் குறைவானவர்களே பரிசோதனை செய்துகொண்டிருந்த நிலையில். அவர்களிடமிருந்து வீட்டிலும் வெளியிலும் இன்னும் 41 பேருக்குப் பரவியது. பெரியவர் ஒருவர் இறந்துபோனார். தனிமைப்படுத்தலால் மாணவர்கள் இழந்த நேரடி வகுப்பு நாட்கள் குறைந்தது 1,700 என்று கணக்கிட்டார்கள்.

மல்யுத்தத்தில் மூச்சுக்கு மூச்சு படும், ஆபத்து கூடுதல். என்.எஃப்.எச்.எஸ். 2020 மே மாதமே மல்யுத்தத்தையும் அமெரிக்கக் கால்பந்தையும் அதிக ஆபத்து வரிசையில்தான் வைத்திருந்தது. ஆனால் நிர்வாகிகள் யோசிக்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: அன்று பத்துப் பள்ளிகள் எதற்கு? இரண்டு பள்ளிகள் மட்டும் மோதியிருந்தால், கெட்டது நடந்தாலும் அது இரண்டு ஊரோடு நின்றிருக்கும். குலைந்த ஆண்டில் பயணத்தைச் சுருக்க வேண்டும், பக்கத்துப் பள்ளிகளோடு மட்டும் ஆட வேண்டும், பெரிய அழைப்புப் போட்டிகளை விட்டுவிட வேண்டும். பஸ், உடை மாற்றும் அறை, ஆட்டம் முடிந்து கூட்டமாகச் சாப்பிடுவது எல்லாவற்றுக்கும் விதி வேண்டும். மைதானத்துக்கு மட்டும் விதி எழுதுவது பாதி வேலைதான்.

இங்கே சிறு மாற்றங்களை அலட்சியம் செய்யக் கூடாது. அந்த சீசனுக்குத் தேசிய விதிக் குழுக்கள் சில யோசனைகளைச் சொல்லியிருந்தன. கூடைப்பந்தில், நடுவர் மேலே எறியும் பந்தை இருவர் குதித்துத் தட்டும் ஜம்ப் பால் இல்லாமல் வருகை அணிக்கே பந்தைக் கொடுத்துத் தொடங்கலாம். கால்பந்தில் வீரர்கள் நெருக்கியடித்து நிற்காதபடி ஓரத்தில் அவர்கள் நிற்கும் இடத்தை 10 கெஜக் கோடு வரை நீட்டலாம். செலவே இல்லாத மாற்றங்கள் இவை.

மாதக்கணக்கில் சும்மா இருந்த உடம்பை மறப்பது

தாமதமாகத் தொடங்கும் சீசனில் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று முதலில் வெட்டப்படுவது பயிற்சி நாட்கள்தான். இது உயிருக்கே ஆபத்து. வெப்பத்துக்கு உடல் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பின் திடீரென்று கடுமையாகப் பயிற்சி கொடுத்தால் தசை நார்கள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கப்படலாம். அமெரிக்க உடற்பயிற்சி வல்லுநர்கள் 2019இல் தந்த எளிய கணக்கு ஒன்று உண்டு. முழுப் பயிற்சி அளவிலிருந்து முதல் வாரம் 50 சதவீதம் குறைக்க வேண்டும், அடுத்தடுத்த வாரங்களில் 30, 20, 10. கல்லூரி வீரர்களுக்காக எழுதப்பட்டது என்றாலும், வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட வேகமாகப் போக எந்தக் காரணமும் இல்லை. நாட்கள் போதவில்லை என்றால் இரண்டு ஆட்டங்களைக் குறையுங்கள், பயிற்சியைக் குறைக்காதீர்கள்.

இலையுதிர், குளிர், வசந்தம் என்ற மூன்று சீசனை இரண்டாகச் சுருக்கும்போது இன்னொரு சிக்கலும் வரும். கால்பந்தை முடித்த பையன் மறுவாரமே பேஸ்பால் களத்தில் நிற்பான். இரண்டு சீசனுக்கு நடுவே கட்டாய ஓய்வு நாட்களை நாட்காட்டியிலேயே போட்டுவிட வேண்டும். பயிற்சியாளர்கள் பேசி முடித்துக்கொள்வார்கள் என்று விட்டால் அந்த ஓய்வு நடக்கவே நடக்காது.

அடிமட்ட அணியை முதலில் வெட்டுவது

பணம் குறைகிறது, பஸ் இல்லை, ஆள் இல்லை. உடனே ஜூனியர் வார்சிட்டியும் ஒன்பதாம் வகுப்பு அணியும் ரத்தாகும், முதல் அணி தொடரும். தொலைக்காட்சியும் டிக்கெட்டும் முதல் அணிக்குத்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் விளையாட்டு இல்லையென்றால் பள்ளியோடு இருக்கும் கடைசிக் கயிறும் அறுந்துபோகும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தக் கீழ் அணிகளில்தான் இருக்கிறார்கள். என் மகளின் அணியில் இரண்டு பெண்கள் அந்த சீசனோடு நின்றவர்கள், மறுபடி வரவே இல்லை.

பெண்கள் அணிகளுக்கும் இதே கதி நேரக்கூடும். நல்ல நேரமும் நல்ல அரங்கமும் பையன்களுக்குப் போய், மிச்சம் பெண்களுக்கு வரும். கல்வியில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்க 1972இல் வந்த டைட்டில் ஒன்பது சட்டத்துக்கு நெருக்கடிக் காலம் என்று விடுமுறை கிடையாது. அட்டவணையை மாற்றி எழுதும் ஒவ்வொரு முறையும் இதைச் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும்.

தகுதி விதிகளில் பழைய அளவையே பிடித்துக்கொண்டிருப்பது

ஆன்லைன் வகுப்பில் இணையம் இல்லாமல் தேர்ச்சி பெறாத மாணவனை, மதிப்பெண் போதவில்லை என்று அணியிலிருந்து நீக்குவது முறையா? தன் பள்ளி மூடியிருப்பதால் பக்கத்து மாவட்டத்துக்கு மாறிய பெண்ணை ஒரு ஆண்டு வெளியே உட்கார வைப்பதா? எல்லாரையும் விட்டுவிட்டால் நல்ல ஆட்டக்காரர்களை வலைவீசிப் பிடிக்கும் பள்ளிகளுக்குக் கொண்டாட்டம். யாரையுமே விடாவிட்டால் அநியாயம். ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரிக்க ஒரு சிறு குழு, ஒரு வாரத்துக்குள் பதில், முடிவுக்கு எழுத்தில் காரணம்: இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

கென்டக்கி 2021இல் ஒரு சட்டமே போட்டது. பள்ளி மாவட்டம் ஒப்புக்கொண்டால், விரும்பும் மாணவர்கள் 2021–22ஐக் கூடுதல் ஆண்டாக எடுத்துப் படிக்கலாம். விளையாட்டுத் தகுதியும் அதோடு சேர்ந்தே வந்தது. கூடுதல் ஆண்டு வாங்கிய மூத்த மாணவனால் கீழே காத்திருக்கும் ஒருவனுக்கு இடம் போகுமே என்ற கவலை நியாயமானது. இருந்தாலும், இந்தக் கேள்வியைச் சட்டமன்றம் வரை போய்ப் பேசித் தீர்த்தது, பேசாமல் விட்டதைவிட எவ்வளவோ மேல்.

நடுவர்களைக் கடைசியில் நினைப்பது

நடுவர்களில் பலர் வயதானவர்கள், பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் சம்பளம். மைதானத்துக்கு வந்த பிறகு ரத்து என்றால் வந்த பெட்ரோலும் போச்சு. 2018–19க்குப் பிறகு சுமார் 50,000 ஹைஸ்கூல் நடுவர்கள் விலகிவிட்டதாக என்.எஃப்.எச்.எஸ். சொன்னது. கொரோனா மட்டும் காரணமில்லை, பெற்றோரின் வசைகளும் சேர்ந்துதான் அவர்களை விரட்டின. கடைசி நேர ரத்துக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை, பாதுகாப்பு விதிகளை எழுதும் குழுவில் நடுவர்களுக்கு ஒரு இடம், இவ்வளவு போதும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாநிலச் சங்கங்களின் வருமானத்தில் பெரும்பங்கு மாநிலப் போட்டிகளின் டிக்கெட்டிலிருந்து வருகிறது. 2020 மார்ச்சில் பல மாநிலங்களில் கூடைப்பந்துப் போட்டிகள் பாதியில் நின்றபோது அந்தப் பணமும் அதோடு நின்றது. கையிருப்பு இல்லாத சங்கம், திறக்கக் கூடாத நாளில் கதவைத் திறக்கும்.

கணக்கெடுப்பை நிறுத்திவிடுவது

நெருக்கடியில் முதலில் கைவிடப்படும் வேலை இது. என்.எஃப்.எச்.எஸ். ஆண்டுதோறும் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று கணக்கெடுக்கும். ஒரே மாணவர் இரண்டு ஆட்டம் ஆடினால் இரண்டாக எண்ணும். 2018–19இல் அது 79,37,491. அடுத்த இரண்டு ஆண்டும் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2021–22இல் மறுபடி எண்ணியபோது 76,18,054. நடுவில் குறைந்த மூன்று லட்சத்துச் சொச்சம் இடங்கள் எந்த மாதத்தில், எந்த வகுப்பில், எந்த ஆட்டத்தில் காலியாயின என்று அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் வருகைப் பதிவேடு இருக்கிறது. ரத்தான வாரத்துக்குப் பிறகு யார் வரவில்லை என்று பார்த்து, அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டிருந்தால், அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியாவது திரும்பி வந்திருப்பாள் என்று என் மகள் இன்றும் சொல்கிறாள்.