மழைக்கு ஒளித்து வளர்க்கும் அத்தி: தொட்டியில் குட்டைச் சீமையத்தி

குளிர்நாட்டுக்காரர்கள் சீமையத்தியைப் பனிக்குப் பயந்து வீட்டுக்குள் தூக்கி வைக்கிறார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், நம் ஊரில், உள்ளே வைக்கச் சொல்வது மழைக்காக. வெயில் எவ்வளவு அடித்தாலும் இந்த மரம் தாங்கும், இலை அடிக்கடி நனைந்தால் தாங்காது. மழைக்குப் பேர்போன பக்கத்துத் தைப்பிங்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம்.

கன்று

நர்சரியில் ‘போக்கோக் தின்’ என்று இதன் மலாய்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்குள் வைக்க பெட்டீட் நெக்ரா, பிளாக் ஜாக் போன்ற குட்டை ரகங்கள் தோது. இவை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும். ஸ்மிர்னா ரகம் யார் கொடுத்தாலும் வேண்டாம். அதற்கென்றே உள்ள குளவி வந்தால்தான் காய் நிற்கும், இல்லாவிட்டால் பிஞ்சிலேயே உதிரும். விதையில் முளைத்த கன்றையும் நம்ப முடியாது. பதியம் போட்டதாகவோ குச்சியில் வேர்விட்டதாகவோ பார்த்து வாங்குங்கள். காசு கொடுப்பதற்கு முன் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். செங்காவிப் பொடி ஒட்டியிருந்தால் அது துரு நோய், அந்தக் கன்று வேண்டாம்.

தொட்டியும் கலவையும்

முதல் தொட்டி 8 அங்குலம் போதும், ஒரு வருடம் கழித்து 12. சின்னக் கன்றைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கி அழுகல் தொடங்கும்.

கலவைக்கு மைலோ டின்னை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்: தேங்காய் நார்த்தூள் 2 டின், கரித்த நெல் உமி 1 டின், நன்றாக மக்கிய உரம் 1 டின். நார்த்தூளை முதலில் ஊறவைத்து, பிழிந்து, கலங்கல் நீர் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். அதிலுள்ள உப்பு இலை ஓரத்தைக் கருக்கிவிடும். செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை மக்கிய உரம் கிடைத்தால் நல்லது, அதில் பொட்டாசியம் அதிகம். ஆனால் கையை விட்டால் சூடு தெரியக்கூடாது. சூடாக இருந்தால் இன்னும் மக்கவில்லை. கடைசியாக, தோட்டத்தில் செம்பனைக்குப் போடும் டோலமைட் சுண்ணாம்பு ஒரு மேசைக்கரண்டி.

வீட்டுப் பின்னால் இருக்கும் மண்ணைச் சேர்க்காதீர்கள். அதில் நூற்புழு இருந்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கிவிடும். மேலே செடி வெளுத்து நிற்கும், எத்தனை உரம் போட்டாலும் ஏறாது.

தொட்டியின் அடி ஓட்டையை ஒரு துண்டு கொசுவலையால் மூடி, கன்றைப் பழைய பையில் இருந்த ஆழத்திலேயே நடுங்கள். விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே கலவை நிற்கட்டும்.

வைக்கும் இடம்

தொடக்கக்காரர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 டிகிரிக்குள் இருப்பதால் உச்சி வெயில் ஏறக்குறைய நேர் மேலே நிற்கும். கூரை அதை முழுசாக மறைத்துவிடும். வீட்டுக்குள் நேர் வெயில் வருவது காலையிலும் மாலையிலும்தான். ஆகவே கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த சன்னலை ஒட்டியே வையுங்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் கார் போர்ச்சின் கிரில்லுக்கு உட்பக்கம், சாரல் அடிக்காத ஓரம் அதைவிடச் சிறந்தது. ஹால் நடுவில் டிவி பக்கத்தில் வைத்தால் அழகாகத்தான் இருக்கும், காய்க்காது.

காய்க்க 6 மணி நேர வெயில் வேண்டும். குறைந்தால் செடியே சொல்லும்: இலை பெரிதாக, மெல்லிசாக வரும், கணுவுக்குக் கணு இடைவெளி இரண்டு விரலுக்கு மேல் நீளும். அப்போது 6500 கெல்வின் வெள்ளை எல்இடி, 20 முதல் 30 வாட், செடிக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டு தினம் 12 மணி நேரம் எரியவிடுங்கள்.

வாங்கி வந்த புதிதில் இலைகள் மஞ்சளாகி விழும். இடம் மாறியதால் வருவது அது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றினால் வேர்தான் போகும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைத்தால் ஒரே பக்கம் சாயாது.

தண்ணீர், உரம்

ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், அடியில் வழியும்வரை ஊற்றுங்கள், இலையில் படாமல். தட்டில் தேங்கியதை அப்போதே கொட்டிவிட வேண்டும். வேர் அழுகுவது ஒருபுறம், ஏடிஸ் கொசுக் குட்டிகள் கண்ணில் பட்டால் சுகாதார அதிகாரிகள் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் எழுதுவார்கள்.

உரம் சுருக்கமாக: 15-15-15 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) அரை டீஸ்பூன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தண்டிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, ஈர மண்ணில். பிஞ்சு வந்ததும் சாம்பல் சத்து கூடிய 12-12-17-2க்கு மாறுங்கள், கடைசி எண் மக்னீசியம். கோழி எருவை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும். கூரைக்குள் மழை கழுவாது என்பதால் உர உப்பு வெள்ளையாகப் படியும். மாதம் ஒருமுறை தொட்டியை வெளியே எடுத்து நாலைந்து தடவை தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள்.

கிள்ளுதல், வெட்டுதல்

ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் காய் வரலாம். கிளையில் ஆறாவது இலை விரிந்ததும் நுனி மொட்டைக் கிள்ளிவிடுங்கள். நீளும் வேகம் நின்று, கக்கத்தில் மிளகு அளவில் பச்சை உருண்டை எழும்பும். பக்கத்தில் கூர்மையாக இருந்தால் அது கிளை மொட்டு, உருண்டையாக இருந்தால் காய்.

நமக்குக் குளிர்காலம் இல்லாததால் மரம் தானாக ஓயாது. வருடம் ஒருமுறை பழம் முடிந்ததும் ஒவ்வொரு கிளையையும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். புதுத் தளிரில்தான் அடுத்த காய். வெட்டும்போது கசியும் பாலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அது பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளம் போடும். கையுறை போட்டு, அந்தி நேரத்தில் வெட்டுங்கள். பூனை, நாய் கடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழம்

பிஞ்சு வேகமாக வளரும், பிறகு வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். பயந்து உரத்தைக் கூட்டாதீர்கள். கடைசிச் சில நாளில் திடீரென உப்பி நிறம் மாறும். கழுத்து தளர்ந்து தலை தொங்கியதும் பறியுங்கள். காம்பில் பால் வடிந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள். பறித்த காய் வீட்டில் பழுக்காது.

நோய்

இலையின் மேலே பழுப்புப் புள்ளி, கீழே செங்காவிப் பொடி என்றால் துரு நோய். பூஞ்சை முளைக்க ஈர இலை வேண்டும். அதனால்தான் இத்தனை கூரை வேலை. நோய்பட்ட இலையைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

ஏர்கோன் அறையில் வேறு தொல்லை: சிவப்புச் சிலந்திப்பூச்சி. இலை மங்கி, ஊசி குத்தியது போல் மஞ்சள் புள்ளி விழும். வெள்ளைத் தாள்மேல் இலையைத் தட்டினால் ஊரும். இதற்கு மட்டும் இலையின் அடியைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவத்தான் வேண்டும். நல்ல வெயில் நாள் காலையில் செய்து, மதியத்துக்குள் காயவிடுங்கள். நாலு நாள் இடைவெளியில் மூன்று தடவை.