அலைகரையில் காத்திருங்கள்: வன்னிக் காட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே, வன்னியில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் நோக்கிப் போகும் வீதியில் காடு இருபுறமும் நெருங்கி வரும். பாலை, வீரை, முதிரை மரங்கள் நிழல் பரப்பி நிற்கும். அங்கே வாகனத்தை ஓரங்கட்டிவிட்டு, 'கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு வருவோம்' என்று மரங்களுக்குள் இறங்குகிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கும். வன்னியில் ஒரு பயணி செய்யக்கூடிய தவறுகளில் இதைவிடப் பெரியது வேறில்லை.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் மண்ணுக்குள் புதைத்தவை அத்தோடு முடிந்துவிடவில்லை. குடிமனைகளுக்கும் வயல்களுக்கும் முதலிடம் கொடுத்தே மிதிவெடிகளை அகற்றினார்கள். காட்டின் உட்பகுதி பின்னுக்குப் போனது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். பலகை இல்லாத இடம் பாதுகாப்பான இடம் என்றும் எண்ணிவிடாதீர்கள். மாரி வெள்ளம் மண்ணை அரித்து, புதைந்து கிடந்ததை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்விடும். துருப்பிடித்த இரும்பு எதையும் நினைவுப்பொருள் என்று கையில் எடுக்கக் கூடாது.

கட்டுத்துவக்கைப் பற்றி வெளியூரவர் பலருக்குத் தெரியாது. பன்றியும் மானும் நடக்கும் தடத்தின் குறுக்கே கம்பியை இழுத்து, துவக்கோடு பிணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கம்பியில் எந்தக் கால் பட்டாலும் வெடிக்கும். அது சட்டவிரோதம், ஆனாலும் காட்டில் இருக்கிறது. நடக்க வசதியாகத் தெரிகிறதே என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒற்றையடித் தடத்தைத்தான் துவக்குக் கட்டுகிறவரும் தேர்ந்தெடுக்கிறார். சாப்பாட்டுக் கடையில் 'மான் இறைச்சி இருக்கிறது', 'மரை வத்தல் இருக்கிறது' என்று யாராவது மெல்லிய குரலில் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்குகிறவர் இருப்பதால்தான் அந்தக் கம்பி அங்கே கட்டப்படுகிறது.

காட்டோடு பழகிய வன்னிக்காரர் பலர் யானையைவிடக் கரடிக்கே கூடுதலாக அஞ்சுவார்கள். கறையான் புற்றைக் கிளறி உறிஞ்சிக்கொண்டிருக்கும் கரடிக்கு நாம் கிட்ட வருவது தெரியாது. திடுக்கிட்டால் அது பெரும்பாலும் ஓடுவதில்லை. நேரே முகத்தில் பாயும். பாலைப்பழம் பழுக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மரத்தின் மேலேயே அதைக் காணலாம். உதட்டில் பசைபோல ஒட்டிக்கொள்ளும் அந்தப் பழத்தை நானும் ஆசையோடு தின்று வளர்ந்தவன். பழம் வேண்டுமென்றால் வீதியோரத்தில் விற்பவரிடம் வாங்குங்கள். ஆனால் கொப்போடு வெட்டிக் கொண்டுவந்திருப்பவரிடம் வேண்டாம். வெட்டிய கொப்பு மறுவருடம் கரடிக்கும் கொடுக்காது, கிளிக்கும் கொடுக்காது.

அப்படியென்றால் காட்டை எங்கே நின்று பார்ப்பது? காடு தானாக வெளியே வரும் இடத்தில். வன்னிக் குளங்களுக்கு ஒரு பக்கம் கட்டும், நீரைத் திறந்துவிடும் துருசும், வயலும் இருக்கும். மறுபக்கம், தண்ணீர் மெல்லத் தேய்ந்து காட்டோடு சேரும் இடம்தான் அலைகரை. பின்னேரம் நான்கு மணிக்குக் குளக்கட்டில் ஒரு மரத்தடியில் அமர்ந்து, தொலைநோக்கியை அலைகரைப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசாமல் இருங்கள். முதலில் மயில்கள் இறங்கும். பிறகு புள்ளிமான்கள், ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை நின்று பார்த்துக்கொண்டு வரும். வெயில் தணிந்ததும் குட்டிகளை நடுவில் விட்டு யானைக்கூட்டம் வந்து நீர் குடிப்பதை ஒருமுறை கண்டால் போதும். உள்ளே நடக்கும் ஆசையே வராது. அமர்வதற்கு முன், மாடு சாய்க்க வந்த ஒருவரிடம் 'ஐயா, யானை எந்தப் பக்கம் நிற்கிறது?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீரின் விளிம்பில் மட்டும் அமர வேண்டாம், முதலை இருக்கும்.

காலம் தவறி வருவதும் உண்டு. மாரியில் காடெங்கும் நீர் நிற்பதால் விலங்குகள் சிதறிப்போய்விடும். கோடை முற்றி, சின்னக் குளங்கள் வற்றும் ஆடி, ஆவணியில்தான் அவை எஞ்சிய நீரைத் தேடிக் கூடும். வலசைப் பறவைகளுக்கோ இதற்கு நேர்மாறான காலம்: கார்த்திகை முதல் மாசி வரை. மன்னாரில் கட்டுக்கரைக்குளமும் வங்காலையும், கிழக்கே 2015 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளமும் அப்போது நிறைந்திருக்கும். பறக்கும் படம் வேண்டும் என்று பூநாரைக் கூட்டத்தை நோக்கி ஓடுகிறார்கள். தொலைதூரம் பறந்து களைத்து, இரை தேடி நிற்கும் பறவையை விரட்டி எடுத்த படத்தை எப்படி மகிழ்ச்சியோடு பார்க்க முடியும்?

காட்டு வீதிகளில் இருட்டிய பின் வாகனம் ஓட்டாமல் இருப்பது நல்லது. யானை குறுக்கே நின்றால் ஹோர்ன் அடிப்பதும் வெளிச்சத்தைக் கண்ணில் அடிப்பதும் கூடாது. தூரத்தில் நிறுத்தி, அது போகும்வரை பொறுத்திருங்கள். தனியன், அதாவது கூட்டத்தை விட்டுத் தனியே திரியும் யானை என்றால், இன்னும் பின்னுக்குப் போங்கள். வாழைப்பழம், சோறு எதையும் எறியாதீர்கள். வீதியோரத்தில் தின்னப் பழகிய யானை பிறகு வீடுகளைத் தேடிப் போகும். ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கு வந்து காட்டோரம் தங்கிச் சமைப்பவர்கள் பொலித்தீன் பைகளைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீனைத் தின்று செத்ததை நாம் செய்திகளில் பார்த்தோம்.

பாம்பு விடயத்தில் செருப்பும் இருட்டுமே பாதித் தவறு. மூடிய சப்பாத்து போடுங்கள், டோர்ச் இல்லாமல் இரவில் கால் வைக்காதீர்கள். கடித்துவிட்டால் வெட்டுவதும், இறுக்கிக் கட்டுவதும், வாயால் உறிஞ்சுவதும் கேட்டையே கூட்டும். பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், உடனே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஆகவே காட்டோரம் தங்க வரும்போதே பக்கத்து வைத்தியசாலை எது, இரவில் வாகனம் தருபவர் யார் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.