ஃபங்க் பேஸ் பழக: முதலில் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்
பேஸ் கிதார் பழகுபவர்கள் ஃபங்க் (தாளத்தை முன்னிறுத்தும் அமெரிக்க நடன இசை) என்றதும் கட்டைவிரலால் தந்தியை அடிக்கும் ஸ்லாப்புக்கு ஓடிவிடுகிறார்கள். அது அப்புறம். முதலில் சிக் குழுவின் 1979 பாடலான ‘குட் டைம்ஸ்’ கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போனில். பேஸின் கனத்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்வது; அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பாதிகூட வராது.

அதில் சிக்கின் பேஸ் கலைஞர் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் ஒரே சுரத்தைத் தட்டுக்கு ஒன்றாக மூன்று முறை வாசித்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவார். விரல்கள் ஓடுவது அதற்குப் பிறகுதான். கேட்பவர் உடம்பு ஆடத் தொடங்குவதே அந்த நிறுத்தத்தில்தான் என்பது என் கட்சி.

பழகும்போது மெட்ரோனோமை (தாளத்தைத் தட்டிக்காட்டும் கருவி) நிமிடத்துக்கு 70 தட்டில் வைத்து, ஒரே சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தட்டில் அழுத்தமாக ஒன்று. (ஃபங்கின் முன்னோடிப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவிடம் விடாமல் கேட்டதும் இந்த முதல் தட்டைத்தான். 1970-ல் அவரிடம் சேர்ந்த பேஸ் கலைஞர் பூட்ஸி காலின்ஸ் அதைப் பிடித்துக்கொண்டது அங்கேதான்.) மீதித் தட்டுகளை வாயால் ‘தகதிமி’ என்று எண்ணுங்கள், கை சும்மா இருக்கட்டும். சுரத்தை நிறுத்த, இடது கை விரலைத் தந்தியைவிட்டு எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். அது பழகியதும், தளர்த்திய நிலையிலேயே வலது கையால் மீட்டிப் பாருங்கள்: சுரமில்லாமல் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதை ‘க’, ‘மி’ போன்ற ஓரத்து எழுத்துகளில் ஒன்றிரண்டு தூவினால் போதும், நிறைய வேண்டாம்.

இந்த வேகத்தில் தலை தானாக ஆடினால், ‘குட் டைம்ஸ்’ பாட்டோடு சேர்ந்து சுமார் 110 வேகத்துக்குப் போகலாம்.